மருதாத்தாள் கேட்டு வாங்கிய சுவர்

மருதாத்தாளின் வீடு, ஏழாவது வீதி முடிகிற சுவருக்கு அந்தப் பக்கம் இருபது தப்படி தூரத்தில் இருக்கிறது. அவள் வீட்டு குக்கர் விசில் அடித்தால் ஏழாவது வீதியில் கேட்கும். ஆனால் ஏழாவது வீதியிலிருந்து அவள் வீட்டுக்குப் போக நாலரை கிலோமீட்டர் சுற்ற வேண்டும். வீதியை விட்டு வெளியே வந்து, வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கும் கேட்டைத் தாண்டி, வேலந்தாவளம் ரோட்டைப் பிடித்து, இன்னும் மூன்று சைட்டுகளின், அதாவது வீட்டுமனைப் பிரிவுகளின், மதிலை ஒட்டியே போய், வாளையாருக்குப் போகும் லாரிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி, அதற்கப்புறம்தான் அவளுடைய வாசல். இந்தச் சுற்றை ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அவள் சுற்றுகிறாள், தண்ணி லாரியில் புருஷன் குப்பண்ணனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு. இதற்கு யாரைக் குற்றம் சொல்வது? அந்தச் சுவரைக் கட்டச் சொன்னதே அவள்தான்.

மருதாத்தாளுக்கு வயது நாற்பத்தாறு. பயந்த சுபாவம் என்று சொன்னால் அது அவளைப் பற்றிக் குறைத்துச் சொன்னதாகும். நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், கேஸ் சிலிண்டருக்குப் பயம். ராத்திரி அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்த பிறகு இரண்டு தடவை எழுந்து போய் ரெகுலேட்டரைத் திருகிப் பார்ப்பாள். மகள் செல்வப்பிரியா பள்ளிக்கூடம் போன காலத்தில் வேன் ஐந்து நிமிஷம் தாமதமானால் ரோடு வரைக்கும் நடந்துவிடுவாள். கல்யாணமாகி வந்த புதிதில் வாளையார் ரோட்டைத் தாண்ட அவளுக்கு அரைமணி நேரம் பிடித்தது. இந்தப் பக்கம் பார்ப்பாள், அந்தப் பக்கம் பார்ப்பாள், கால் எழாது. குப்பண்ணன் இதைச் சொல்லிச் சொல்லியே சொந்தக்காரர்களைச் சிரிக்க வைப்பான். "மத்தவீங்களுக்குச் சோறு தண்ணி வேணும். இவளுக்கு அதோட கூடப் பயப்படறதுக்குன்னு ஒரு மணி நேரம் தனியா வேணுமுங்க" என்பான்.

அப்படிப்பட்டவளுக்குக் கடைசியில் வாய்த்த வேலையைப் பாருங்கள். பின்னோக்கி வரும் லாரிக்குப் பின்னால் நடப்பது!

அது எப்படி வந்ததென்று சொல்ல, பதினோரு வருஷம் பின்னால் போக வேண்டும். அன்றைக்கு அங்கே வீதியும் இல்லை, சைட்டும் இல்லை. விவசாயக் காடுகளுக்கு நடுவே ஓர் இட்டேரி போயிற்று. இரண்டு பக்கமும் வேலியிட்ட வண்டித்தடத்துக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பேர். பெரிய அழகொன்றும் இல்லை. மழைக்குச் சேறு, வெயிலுக்குப் பாம்பு. ஆனால் அதற்கு இரண்டு வாய் இருந்தன. வேலந்தாவளம் ரோட்டில் நுழைந்தால் மறுபுறம் பஞ்சாயத்து ரோட்டில் வெளியே வரலாம். வந்த வழியே திரும்ப வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

கோயமுத்தூரில் வீடு வாங்க முடியாதவர்கள் மலையாளத்து எல்லை தாண்டி இந்தப் பக்கம் இடம் தேட ஆரம்பித்தார்கள். கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முதலில் விற்றவர் பக்கத்துக் காட்டுப் பொங்கியண்ணன். அவருடைய காட்டோடு சேர்த்து இட்டேரியையும் சைட்டுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால், அதில் நடமாடும் பாத்தியம் உள்ள பக்கத்துக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக, மனை பிரித்து விற்கும் சைட்டுக்காரர் பொங்கியண்ணனைக் கூட்டிக்கொண்டு குப்பண்ணன் வீட்டுக்கு வந்தார். நியாயமாகத்தான் பேசினார்.

"கடைசி வீதியக் கொண்டாந்து உங்க வாசல்லயே சேர்த்து உட்டர்றேனுங்க. உங்களுக்கும் தார் ரோடு ஆச்சு. அக்கட்ட வேலந்தாவளம், இக்கட்ட பஞ்சாயத்து ரோடு, ரெண்டு பக்கமும் போலாம்" என்றார்.

குப்பண்ணன் தலையாட்டிவிட்டான். உள்ளேயிருந்து மருதாத்தாள் வெளியே வந்தாள். எட்டு வயது செல்வப்பிரியா அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டாமுங்க" என்றாள் மருதாத்தாள். "ஆரு வருவாங்க, ஆரு போவாங்கன்னு நமக்கு என்ன தெரியும்? பொட்டப்புள்ள இருக்கற ஊடுங்க. வீதிய அங்கயே நிறுத்திக்கோங்க. நடுவுல ஆளொசரச் செவுரு வெச்சுக் குடுங்க. அதையும் எழுதிக் குடுத்தாத்தான் கையெழுத்து."

பொங்கியண்ணன் சிரித்தார். "செவுரு வெச்சா உன்ற ஊடுதான் மூலைல மாட்டிக்கும் ஆத்தா."

"மாட்டிக்கிட்டுப் போவுதுங்க" என்றாள்.

சைட்டுக்காரருக்கு இதில் சந்தோஷம்தான். வீதி தொடர்ந்து போனால் அதற்கு இடம் விட வேண்டும். சுவரில் முடிந்தால் சுவர் வரைக்கும் வீட்டுமனை போடலாம். வண்டி திரும்புவதற்குக்கூட ஓர் அடி விடாமல் போட்டார். பத்திரத்தை இந்தப் பக்கம் ஆதாரம் என்பார்கள். அந்த ஆதாரத்தில் ஏழடிச் சுவர் என்று எழுதி, நிரந்தரமாக என்று சேர்த்து, மருதாத்தாளின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு ராத்திரி அவள் ரெகுலேட்டரை ஒரு தடவை மட்டும் பார்த்துவிட்டுத் தூங்கினாள்.

அவள் செய்தது ஊருக்கே யோசனையாகப் போயிற்று. அடுத்து விற்றவரும் "மருதாத்தா ஊட்டுக்குக் கட்டுன மாதிரி எனக்கும் ஒரு செவுரு" என்றார். அதற்கடுத்தவரும் அப்படியே. நாலு வருஷத்தில் ஐந்து சைட்டுகள் வந்தன. ஒவ்வொன்றும் ரோட்டைப் பார்த்து ஒரு கேட் வைத்துக்கொண்டு முதுகை அடைத்துக்கொண்டது. முந்நூறு வீடுகள், ஐந்து கேட்டுகள். ஒரு சைட்டிலிருந்து அடுத்த சைட்டுக்குப் போக, ஒட்டியிருக்கும் மதிலைத் தடவிக்கொண்டே ரோட்டுக்கு வந்து சுற்றித்தான் போக வேண்டும். பிறகு குப்பண்ணன் குடும்பத்திலும் பாகம் பிரிந்து காட்டை விற்றார்கள். வீடும் அதைச் சுற்றி நாற்பது சென்ட்டும் மிச்சம்.

குப்பண்ணன் பதினெட்டு வருஷம் கல்குவாரியில் டிப்பர் ஓட்டியவன். வெடியும் இரைச்சலும் வலது காதைத் தின்றுவிட்டன. ஜன்னல் பக்கத்துக் காது அதுதான், அதனால் வெளியே நின்று யார் கத்தினாலும் அவனுக்கு எட்டாது. இது வீட்டில் இருக்கும் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். வெளியே தெரிந்தால் யார் அவனை வண்டி ஓட்ட விடுவார்கள்? காட்டை விற்றதில் ஒரு பழைய ஆறாயிரம் லிட்டர் டேங்கர் லாரி வாங்கினான். அடுத்திருக்கும் சித்தூரில் கிணறு ஒன்றில் தண்ணி பிடித்து சைட்டுகளுக்கு ஊற்றுவது வேலை. வீடுகள் பெருகப் பெருக போர் தண்ணி கீழே போய்க்கொண்டிருந்ததால் வேலைக்குப் பஞ்சமில்லை.

பஞ்சம் வழிக்குத்தான். ஏழாவது வீதி நூற்றெண்பது மீட்டர். உள்ளே நேராகப் போகலாம். ஊற்றிவிட்டுத் திரும்ப இடம் கிடையாது. நூற்றெண்பது மீட்டரும் பின்னோக்கியே வர வேண்டும். இருபத்தொன்பது வீட்டு கேட்டுகள், ஒவ்வொன்றிலிருந்தும் எப்போது எந்தப் பிள்ளை ஓடி வருமென்று தெரியாது. ரிவர்ஸ் ஹாரன் வைத்துப் பார்த்தான். பாட்டு மாதிரி இருந்ததோ என்னவோ, அதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் வெளியே ஓடி வந்தன. கேமரா வைத்தான். வால்விலிருந்து சொட்டும் தண்ணியில் இரண்டு வாரத்தில் கண் மூடிக்கொண்டது. ஆள் வைத்தான். ஆள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நானே வர்றேனுங்க" என்றாள் மருதாத்தாள். பயந்தவளை விட்டால் அந்த வேலைக்கு வேறு யார் சரிப்படுவார்கள்?

அவர்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. டேங்கின் பின்தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினால் வரலாம். ஓங்கி ஒரே தட்டு என்றால் நில். காலி டேங்க் கணீரென்று பேசும். அந்தச் சத்தம் இரும்பு வழியாகவே கேபினுக்குள் போய், குப்பண்ணனின் இடது காதுக்கும் அவன் உட்கார்ந்திருக்கும் சீட்டுக்கும் எட்டிவிடும். மூன்று வருஷம் அப்படித்தான் ஓடியது. அவள் லாரியின் இடது பின்மூலையில் கை வைத்து, கழுத்தைத் திருப்பி வீதியைப் பார்த்தபடி நடப்பாள். ஒவ்வொரு கேட்டையும் கடக்கும்போது நெஞ்சு ஒரு தடவை நின்று பிறகு ஓடும். ஒரு நாளைக்கு ஒரு வீதிக்கு இருபத்தொன்பது தடவை. கனவிலும் அதே வீதிதான் வரும், அங்கே கேட்டுகள் மட்டும் முடியவே முடியாது.

அந்த வீதியில் அவளோடு ஒட்டிக்கொண்டவள் ஆர்த்தி. ஏலப்பாறை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். புருஷனுக்குக் கஞ்சிக்கோட்டில் வேலை கிடைத்ததால் மலையிலிருந்து இறங்கி பதினாலாம் நம்பர் வீட்டுக்கு வாடகைக்கு வந்திருந்தாள். லாரி போகும்போதெல்லாம் "யக்கா, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிடாமல் இருக்க மாட்டாள். அவளுக்கு மூன்று வயதில் மித்து என்று ஒரு பெண் குழந்தை. லாரியின் பின்னால் சொட்டும் தண்ணியில் காலை நனைத்துக்கொள்வதென்றால் மித்துவுக்கு உயிர். மருதாத்தாள் அவளை விரட்டிக்கொண்டே இருப்பாள்.

போன பங்குனியில் ஒரு நாள், பிற்பகல் நாலு மணி. சுவரை ஒட்டிய இருபத்தொன்பதாம் நம்பர்காரர் தண்ணி வேண்டுமென்று போன் செய்திருந்தார். நிறைந்த டேங்கோடு உள்ளே போய்ப் பார்த்தால் கேட்டில் பூட்டு. போன் செய்தால், மறந்துபோய் கோயமுத்தூருக்கு வந்துவிட்டோம், நாளைக்கு ஊற்றிவிடுங்கள் என்றார். அக்கம்பக்கத்துத் தொட்டிகள் காலையிலேயே நிறைந்துவிட்டன. குப்பண்ணன் சலித்துக்கொண்டு ரிவர்ஸ் கியரைப் போட்டான்.

மூன்று வருஷத்தில் அவர்கள் நிறைந்த டேங்கோடு பின்னோக்கி வந்ததே இல்லை. ஊற்றிவிட்டுத்தானே வருவார்கள்? அது வேறு மாதிரி இருக்குமென்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. வீதி காலியாகக் கிடந்தது. குப்பண்ணன் தட்டுக்குக் காத்திராமல் கண்ணாடியில் பார்த்து மெதுவாக எடுத்தான். மருதாத்தாள் வழக்கம்போல மூலையில் கை வைத்து நடந்தாள்.

பதினாலாம் நம்பருக்குப் பத்தடி இருக்கும்போது திரும்பிப் பார்த்தாள். கேட்டிலிருந்து மித்து வெளியே வந்து, வண்டிக்கு நேர் பின்னால், வீதி நடுவில் குந்தி உட்கார்ந்திருந்தாள். கையில் மஞ்சள் பிளாஸ்டிக் கப். வரப்போகும் சொட்டுத் தண்ணியைப் பிடிக்க அதை நீட்டிக்கொண்டு சிரித்தாள்.

மருதாத்தாள் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

சத்தம் வரவில்லை. மாட்டின் வயிற்றில் தட்டியது போல மொத்தென்று உள்ளேயே அடங்கியது. லாரி நிற்கவில்லை. மறுபடி தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள். நிறைந்து நின்ற தண்ணி அத்தனையையும் விழுங்கிக்கொண்டது. "நிறுத்துங்க! ஏனுங்க, நிறுத்துங்க!" என்று கத்தினாள். வெளியிலிருந்து வரும் கத்தல் ஜன்னல் பக்கத்துச் செத்துப்போன காதுக்குத்தானே போகும்? ஆறு டன் தண்ணியோடு லாரி அதன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அந்தக் கணத்தில் அவளுக்கு இருந்த பயத்தைச் சொல்ல வார்த்தை தேட வேண்டாம். தான் ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டோம் என்றே அவள் நினைத்தாள். இனிமேல்தான் அது நடக்கும் என்றல்ல, நடந்து முடிந்துவிட்டது என்று.

பாய்ந்தாள். எப்படிப் பாய்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. குழந்தையின் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் ஆர்த்தி வீட்டு கேட்டில் போய் மோதினார்கள். காலில் இருந்த செருப்பு ஒன்று பின்சக்கரத்துக்குக் கீழே போயிற்று. மஞ்சள் கப்பும் போயிற்று.

அலறிக்கொண்டு ஆர்த்தி ஓடி வந்ததைக் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் குப்பண்ணன் பிரேக்கை மிதித்தான். இறங்கி வந்தான். காகிதம்போலத் தட்டையாகிக் கிடந்த கப்பைப் பார்த்தான். குழந்தையைப் பார்த்தான். கை வலித்து வீறிட்டு அழும் குழந்தையைவிட நல்ல காட்சி அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"தட்டுனயா மருதா?" என்றான்.

"தட்டுனனுங்க. தட்டிக்கிட்டே இருந்தனுங்க."

"எனக்கு ஒண்ணுமே கேக்கலயே" என்று சொல்லிக்கொண்டு நடுவீதியில் உட்கார்ந்துவிட்டான்.

ஆர்த்தி திட்டவில்லை. குழந்தையை மார்போடு அழுத்திக்கொண்டு மருதாத்தாளின் கையைப் பிடித்து அழுதாள். "நீங்க இல்லன்னா எம்புள்ள இன்னைக்கு இல்லக்கா" என்றாள். அந்த வார்த்தை மருதாத்தாளுக்கு ஆறுதலாக இல்லை, சுட்டது. மித்துவின் கை முழங்கையிலிருந்து தோள்வரை வீங்கியிருந்தது. கேட்டுக்குப் போய், சுற்றி, பஞ்சாயத்து ரோட்டில் இருக்கும் டாக்டரிடம் குழந்தையைக் கொண்டுபோக இருபது நிமிஷம் ஆயிற்று. டாக்டர் வீட்டு மாடி, சுவருக்கு மேலே ஏழாவது வீதியிலிருந்து பார்த்தால் தெரியும்.

குப்பண்ணன் மூன்று நாள் வண்டியை எடுக்கவில்லை. நாலாம் நாள் காலையில் டேங்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நிறைத்துவிட்டுத் தட்டினான், காலி செய்துவிட்டுத் தட்டினான். பிறகு அவளைக் கூப்பிட்டான். "இனிமே இப்படி வெச்சுக்குவோம். நீ உடாம தட்டிக்கிட்டே வரோணும். சத்தம் கேக்கற வரைக்குந்தான் வண்டி நகரும். கேக்கலயா, நின்னுரும். நீ தட்டுலனாலும் நிக்கும், தட்டி எனக்குக் கேக்காமப் போனாலும் நிக்கும்."

நல்ல ஏற்பாடுதான். நிறைந்த டேங்க் இனிமேல் நகரவே நகராது. ஆனால் மருதாத்தாளுக்கு அது போதவில்லை. அவளுக்கு ராத்திரியெல்லாம் சுவர்தான் கண்ணில் நின்றது. அந்தச் சுவர் இல்லையென்றால் லாரி நேராக வந்து, ஊற்றிவிட்டு, நேராகவே தன் வாசல் வழியாகப் பஞ்சாயத்து ரோட்டுக்குப் போய்விடும். பின்னால் வரவே வேண்டாம். யாரும் யாருக்குப் பின்னாலும் நடக்க வேண்டாம். யோசித்து யோசித்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தைரியமான காரியத்துக்குத் துணிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சைட்டுப் பூங்காவில் அசோசியேசன் கூட்டம். நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். செயலாளர் ஜிபி மரியாதையானவர், எழுந்து நாற்காலி போட்டார். முப்பது பேர் இருந்தார்கள். எதிரில் ஆர்த்தியும் மடியில் மித்துவும். குழந்தையின் கை கட்டில் தொங்கியது.

"அந்தச் செவுர எடுத்துருங்க" என்றாள் மருதாத்தாள். "அக்கட்ட என்ற எடந்தான். இருபதடி அகலத்துக்கு நான் உட்டர்றேன், சும்மாவே உட்டர்றேன். லாரி, ஸ்கூல் வேன், ஆம்புலன்சு எல்லாம் நேராப் போயிரும். பொறத்தால வர்ற வேலையே இருக்காதுங்க."

ஜிபி சங்கடமாக நெற்றியைத் தேய்த்தார். "சேச்சி சொல்றது மனசிலாயி. ஆனா அந்தச் சைடு திறந்தா, ஆரு வருவாங்க, ஆரு போவாங்கன்னு நமக்கு என்ன தெரியும்? எல்லாம் பெண்குட்டிகள் இருக்கிற வீடு."

மருதாத்தாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் தன் வாசலில் நின்று தான் சொன்ன அதே பேச்சு, சொல்லுக்குச் சொல், ஒரு மலையாளத்துக்காரர் வாயிலிருந்து திரும்பி வந்தது. ஜிபிக்கு அது தெரியாது. அவர் பாவம், பையிலிருந்து ஆதாரத்தின் நகலை வேறு எடுத்து நீட்டினார். "சுவர் நிரந்தரமா வேணும்னு எழுதியிருக்கு. கீழே சேச்சியோட ஒப்புதான் இருக்கு."

அவள் கையெழுத்துதான். கோணல்மாணலாக, பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போய்.

அவள் ஆர்த்தியைப் பார்த்தாள். ஆர்த்தி எழுந்தாள். ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மனசுல வச்சுக்கிடாதீங்கக்கா" என்றாள். "செவரு இருக்கப்போயிதான் இது முட்டுச்சந்தா இருக்கு. அதுனாலதான் புள்ளைய வாசல்ல விடுதேன். தொறந்துட்டா ரெண்டு ரோட்டுக்கும் குறுக்குவழின்னு ஊர்ல உள்ள வண்டி பூராவும் எங்க வாசல்லதான் பறக்கும். இப்ப உங்க லாரி ஒண்ணுதான் வருது. அதுக்குப் பின்னால நீங்க இருக்கீங்க. அதுக்கெல்லாம் பின்னால யாருக்கா இருப்பா?"

ஆர்த்தி சொன்னதில் பொய் என்ன இருக்கிறது? பயந்தவளுக்குப் பயந்தவளின் நியாயம் தெரியாமல் போகுமா? முப்பது பேரில் சுவரை எடுக்கலாமென்று கை தூக்கியவர்கள் நாலு பேர். அவள் எழுந்து, கேட்டுக்கு நடந்து, வேலந்தாவளம் ரோட்டைப் பிடித்து, நாலரை கிலோமீட்டரும் நடந்தே வீட்டுக்கு வந்தாள். குப்பண்ணன் என்ன ஆயிற்று என்று கேட்டான். "ஒண்ணும் ஆவுலீங்க" என்றாள்.

சித்திரையில் வெயில் மண்டையைப் பிளந்தது. சைட்டு போர்கள் மூன்றில் இரண்டு காற்றைக் கக்கின. ஆட்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அப்படிப்பட்ட ஒரு சாயங்காலம், மறுபடியும் அதே இருபத்தொன்பதாம் நம்பரில் பூட்டு. நிச்சயம் வீட்டில் இருப்போம் என்று சத்தியம் செய்தவர்கள்தான். போனையும் எடுக்கவில்லை. பக்கத்து வீடுகளில் மத்தியானம்தான் வேறு லாரிக்காரன் ஊற்றிவிட்டுப் போயிருந்தான். பள்ளிக்கூடம் லீவு விட்ட நேரம். வீதி நெடுகப் பிள்ளைகள், பந்து, சைக்கிள். லாரியின் மூக்கு சுவரில் இடிக்கிற மாதிரி நின்றது. பின்னால் நூற்றெண்பது மீட்டர்.

குப்பண்ணன் என்ஜினை ஓடவிட்டு, தட்டுக்காகக் காத்திருந்தான். மருதாத்தாள் தட்டினாள். மொத்தென்றது. வண்டி நகரவில்லை. இன்னொரு தடவை தட்டினாள். நகரவில்லை. அது நகராது, அப்படித்தான் பேச்சு.

அவன் இறங்கி வந்தான். "என்ன புள்ள பண்றது? கண்ணாடியப் பாத்து மெதுவா எடுத்தர்றேன். சித்தெ பொறத்தால நடந்து புள்ளைங்கள ஒதுக்கிக்கிட்டே போ" என்றான்.

அவளுக்கு மஞ்சள் கப் ஞாபகம் வந்தது. குனிந்து வால்வை இரண்டு கையாலும் பிடித்து, முழுக்கத் திருகித் திறந்துவிட்டாள்.

ஆறாயிரம் லிட்டர் தண்ணி தார் ரோட்டில் கொட்டியது. குப்பண்ணன் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தான். தடுக்கவில்லை. கேட்டுகள் திறந்தன. மாடியிலிருந்து ஒருவர் கத்தினார். ஒரு அம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள், இன்னொருத்தி வாளியோடு வந்தாள். அவர்கள் பிடித்தது போக மிச்சமெல்லாம் ஓடியது. பிள்ளைகள் ஆட்டம் போட்டன. வாட்ச்மேன் சொல்லி ஜிபி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"எந்தா சேச்சி இது! மனுஷன் குடிக்க வெள்ளமில்லாத நேரத்தில் பாழாக்கலாமா? இனிமே இந்த கேட்டுக்குள்ள உங்க லாரியை விட முடியாது, கேட்டோ!"

"உடாதீங்க" என்றாள் மருதாத்தாள். "ஆனா இன்னிக்கு இந்த வண்டி வெளிய போவோணுமல்லங்க. காலியானாத்தான் போவும்."

அவருக்குப் புரியவில்லை. புரியவைக்க வேண்டுமென்றால் புருஷனின் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தாள். பதினாலாம் நம்பர் கேட்டுக்கு உள்ளே ஆர்த்தி மித்துவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கு மட்டும் புரிந்தது போலிருந்தது. கேட்டைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "உங்க பயல உள்ள கூப்பிட்டுக்கிடுங்க, லாரி பின்னால வரப்போகுது" என்றாள்.

இருபது நிமிஷம் ஆயிற்று. வீதி அந்த இடத்தில் சுவரைப் பார்த்துச் சரிவு. தண்ணியெல்லாம் சுவரடியில் குளம்போலத் தேங்கி, கீழே மழைத்தண்ணி போக விட்டிருந்த ஓட்டை வழியாக அந்தப் பக்கம் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அப்பாலிருந்து செல்வப்பிரியாவின் குரல் கேட்டது. காலேஜிலிருந்து அப்போதுதான் வந்திருப்பாள்.

"அம்மா! நம்ம வாசலெல்லாம் தண்ணியா வருதும்மா! ஆரு தெறந்து உட்டது?"

இருபது தப்படி தூரத்தில் மகள். நடுவில் ஏழடிச் சுவர்.

"நாந்தான் சாமி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள் மருதாத்தாள். "ஊட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கோ. நாங்க சுத்திக்கிட்டு வர்றோம்."

வால்வில் கடைசிச் சொட்டு நின்றது. அவள் லாரியின் இடது பின்மூலைக்குப் போய், கழுத்தைத் திருப்பி வீதியைப் பார்த்தாள். இருபத்தொன்பது கேட்டுகள். உள்ளங்கையை ஓங்கித் தட்டினாள். கணீரென்றது. லாரி அசைந்தது. கை வலித்தது. நிறுத்தினால் வண்டியும் நின்றுவிடும், கொஞ்சம் கையை ஆற்றிக்கொள்ளலாம் என்று தெரியும். ஆனாலும் பெரிய கேட் வருகிற வரைக்கும் அவள் நிறுத்தாமல் தட்டிக்கொண்டே போனாள்.